பேக் லைன் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பயிற்சியாளரிடம் பல ஆண்டுகளாக 13 முழு உதவித்தொகைகள்தான் இருந்தன. அவற்றை எந்தப் பையன்களுக்குக் கொடுப்பது என்பதுதான் அவருடைய வேலையின் பாதி. உயர்நிலைப்பள்ளித் தரவரிசையில் மேலே இருப்பவர்களைப் பார்த்து வரிசையாக அழைப்பதே இயல்பான வழி என்று தோன்றும். ஆனால் 2009 முதல் 2024 வரை வர்ஜீனியா பல்கலைக்கழக அணியை நடத்திய டோனி பென்னட்டின் அணிகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். யார் வேண்டும், யார் வேண்டாம், யார் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பேக் லைன் என்னும் தற்காப்பு முறைதான் முதலில் தீர்மானித்தது.

இந்த முறையை உருவாக்கியவர் அவருடைய தந்தை டிக் பென்னட். விஸ்கான்சின் மாநிலக் கல்லூரிகளில் பயிற்சியாளராக இருந்த காலத்தில், தன்னைவிட உயரமும் வேகமும் கொண்ட எதிரணிகளைச் சமாளிக்க அவர் இதைச் செதுக்கினார். 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சின் அணியைத் தேசியத் தொடரின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாகக் கொண்டுசென்றார். வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோட்டுக்குச் சுமார் இரண்டடி உள்ளே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்தை வைத்திருப்பவரைக் காப்பவர் மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே சென்று நெருக்குவார். மற்ற நால்வரும் கோட்டுக்குள்ளேயே, தாங்கள் காக்கும் ஆளுக்கும் பந்துக்கும் இடைப்பட்ட இடைவெளியில் நிற்பார்கள். வளையத்தை நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டே வரும் எவரும் ஒரு மனிதச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பந்தைப் பறிக்கப் பாய்வது, பாஸை இடைமறிக்கச் சூதாடுவது எல்லாம் இதில் கிட்டத்தட்ட இல்லை. எளிய புள்ளிகளைக் கொடுக்காமல், தற்காப்பாளரின் கையை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு எறிய வேண்டிய கடினமான ஷாட்டை மட்டும் எதிரணிக்கு விட்டுவைப்பார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த முறையின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு அசைவில் காணலாம். பந்து மூலைக்குப் பாஸ் செய்யப்படுகிறது. உள்ளே உதவிக்கு நின்றிருந்தவர் இப்போது தன் ஆளிடம் ஓட வேண்டும். முதல் இரண்டு மூன்று எட்டுகள் பாய்ச்சலாக இருக்க வேண்டும். கடைசி எட்டுகள் குறுகி, இடுப்பு தாழ்ந்து, கைகள் உயர்ந்திருக்க வேண்டும். தாமதித்தால் மூன்று புள்ளி ஷாட்; பாய்ந்து கடந்துவிட்டால் எதிராளி பக்கவாட்டில் நுழைந்துவிடுவார். எதிரணி பந்தை நகர்த்திக்கொண்டே இருக்கும்வரை இதே அசைவை நால்வரும் மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் மற்ற நால்வரின் உழைப்பும் வீண். சராசரித் திறமையுள்ள ஐவர் ஒத்திசைந்து இதைச் செய்யலாம். ஆனால் அபாரத் திறமையுள்ள நால்வரோடு கவனமில்லாத ஒருவர் சேர்ந்தால் இது நடக்காது.

ஆட்டக்காரர் தேர்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது. வளையத்துக்குக் கீழே நின்று ஷாட்டுகளைத் தட்டிவிடும் கனத்த சென்டரை எந்தக் கல்லூரியும் விரும்பும். வர்ஜீனியாவில் அது மட்டும் போதாது. பந்து வைத்திருப்பவருக்காக எதிரணி ஸ்க்ரீன் போடும்போது, அதாவது அவரைக் காப்பவரின் வழியில் ஓர் ஆள் வந்து நிற்கும்போது, சென்டர் வெளியே ஏறிவந்து வழியை மறித்துவிட்டு, தன் ஆளிடம் ஓடித் திரும்ப வேண்டும். வளையத்தருகே எதிரணியின் உயரமான ஆட்டக்காரருக்குப் பந்து கிடைத்தால், மறுபக்கத்தில் இருக்கும் மற்றோர் உயரமானவர் ஓடிவந்து இருவராகச் சேர்ந்து அவரை அடைக்க வேண்டும். நியூசிலாந்திலிருந்து வந்த ஜாக் சால்ட் அதிகம் புள்ளி எடுக்காதவர். அவர் ஏன் தொடர்ந்து முதல் ஐவரில் இறங்கினார் என்று புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்குப் புரியாது. இந்த இரண்டு வேலைகளையும் அவர் பிழையின்றிச் செய்தார். அதுவே அவருடைய இடம்.

பென்னட்டின் முதல் முழுமையான தேர்வு 2010இல் வந்த ஆறு பேர். அவர்களில் நான்கு ஆண்டுகளும் தங்கியவர்கள் ஜோ ஹாரிஸும் அகீல் மிட்செலும் மட்டுமே. மற்ற நால்வரும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு புதிய பயிற்சியாளருக்கு இது பேரிழப்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் தங்கிய அந்த இருவரின் நான்காம் ஆண்டான 2014இல்தான் வர்ஜீனியா 1976க்குப் பிறகு முதன்முறையாக அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்னும் தன் கல்லூரிக் குழுமத்தின் போட்டித்தொடரை வென்றது. முதலில் யாரோடு சேர்ந்து தோற்க முடியுமோ அவர்களை அழைத்துவர வேண்டும், வெற்றி பிறகு வரும் என்ற பொருளில் பென்னட் பேசுவது வழக்கம். அதை நல்லொழுக்கப் பேச்சாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அது தற்காப்பைப் பற்றிய துல்லியமான கூற்று. தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியில் புள்ளி எடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவருக்கு வழி உண்டு. பக்கத்து ஆளுக்கு உதவ ஓடுவதால் யாருக்கும் பெயர் கிடைப்பதில்லை. அப்படி இருந்தும் ஓடுகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய தேடலாக இருந்தது.

இன்னொரு விளைவு, காலம். பேக் லைனின் இடைவெளிகளைக் கற்றுக்கொள்ள ஒரு வருடமாவது ஆகும். அதனால் ரெட்ஷர்ட் என்ற ஏற்பாட்டை, அதாவது ஆட்டங்களில் இறங்காமல் ஒரு வருடம் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு, ஆடும் உரிமையை ஒரு வருடம் தள்ளிவைத்துக்கொள்ளும் முறையை, மற்றப் பெரிய அணிகளைவிடப் பென்னட் தாராளமாகப் பயன்படுத்தினார். சால்ட், கினியாவிலிருந்து வந்த மமாடி டியாகிடே, ஜே ஹஃப், டியாண்ட்ரே ஹன்டர் ஆகிய அனைவரும் அப்படி ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தவர்கள். தென் கரோலினாவிலிருந்து மாறிவந்த ஆந்தனி கில், அன்றைய விதிப்படி ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமும் வர்ஜீனியாவுக்கு இலாபமாகவே முடிந்தது. மால்கம் பிராக்டன் காயத்தால் 2012-13 பருவத்தை முழுவதும் இழந்தார். திரும்பிவந்து 2016இல் தன் கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பாளர் என்ற இரண்டு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்ற முதல் ஆளானார்.

இந்த அமைப்பின் வலிமையும் பலவீனமும் ஒரே ஆட்டக்காரரில் வெளிப்பட்டதை 2018 மார்ச்சில் பார்த்தோம். அந்தப் பருவத்தில் வர்ஜீனியா ஆட்டத்துக்குச் சுமார் 54 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்தது. தேசியத் தொடரில் அணிகளுக்கெல்லாம் முதல் தரவரிசை அதற்குத்தான். தொடர் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் ஹன்டரின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் முதல் ஐவரில்கூட இறங்காதவர். ஆனால் 6 அடி 7 அங்குல உயரமும் மிக நீண்ட கைகளும் கொண்ட அவர், உயரமானவரையும் காப்பார், வேகமான சிறியவரையும் காப்பார். எதிரணி நான்கு கார்டுகளை, அதாவது வெளியே நின்று ஆடும் வேகமான சிறியவர்களை, இறக்கிக் களத்தை விரித்தால் பென்னட்டிடம் இருந்த விடை அவர்தான். யுஎம்பிசி என்ற சிறிய கல்லூரி அதைத்தான் செய்தது. இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள். மொத்தத்தில் 24 மூன்று புள்ளி முயற்சிகளில் 12 வெற்றி. 74-54 என்று முடிந்த அந்த ஆட்டத்தில்தான் ஆண்கள் தொடரில் முதல் இடத்து அணி ஒன்று 16ஆம் இடத்து அணியிடம் வரலாற்றில் முதன்முறையாகத் தோற்றது. பின்தங்கியபின் வேகமாகப் புள்ளி சேர்க்கும் பழக்கமே அந்த அணிக்கு இல்லை என்பதும் அன்று தெரிந்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவென்றே பொறுக்கி எடுக்கப்பட்டவர்களால் அதை ஒரே இரவில் கூட்டிவிட முடியாது.

அடுத்த பருவத்தில் பென்னட் தன் தற்காப்பைக் கைவிடவில்லை. யாரைக் களத்தில் வைப்பது என்பதில்தான் மாற்றம் வந்தது. 5 அடி 9 அங்குலமே உயரமுள்ள கிஹெய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவருக்கு நிறைய நேரம் கொடுத்தார். களத்தின் முழு நீளத்துக்கும் பந்தை எடுத்துவரும் எதிரணியின் பாயிண்ட் கார்டை விடாமல் தொந்தரவு செய்வது அவருடைய வேலை. அதனால் டை ஜெரோமும் கைல் கய்யும் பந்தை எடுத்துச்செல்லும் சுமையும், முதன்மைக் கார்டைக் காக்கும் சுமையும் குறைந்து, தாக்குதலில் சுதந்திரமாக இயங்கினார்கள். தற்காப்புக்காகச் சேர்த்த ஒருவர் தாக்குதலுக்கு இடம் திறந்துவிட்டார். ஹன்டர் நான்காவது ஆளாக எவரையும் காக்கத் தயாராக இருந்ததால்தான் இந்தச் சிறிய மூவர் கூட்டணி சாத்தியமாயிற்று.

பர்டூ அணியுடனான கால் இறுதியை இந்த விளையாட்டில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த ஆட்டமாகக் கருதுகிறேன். கார்சன் எட்வர்ட்ஸ் தனியாக 42 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் பத்து மூன்று புள்ளி ஷாட்டுகள். பேக் லைன் வெளியே விட்டுவைக்கும் இடத்தை ஓர் அற்புதமான எறிவாளர் எப்படிப் பயன்படுத்துவார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. கடைசி நொடிகளில் வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. ஃப்ரீ த்ரோ என்னும் தடையில்லா எறிவை ஜெரோம் தவறவிட, டியாகிடே பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். அது பாதிக் கோட்டைத் தாண்டி ஓடியது. கிளார்க் துரத்திப் பிடித்து, பக்கத்தில் பந்து கேட்டு நின்ற ஜெரோமைப் பார்க்காமல், தூரத்தில் இருந்த டியாகிடேவுக்கே நேராக எறிந்தார். நேரம் முடியும் கணத்தில் பந்து வளையத்துக்குள் விழுந்தது. கூடுதல் நேரத்தில் 80-75. தற்காப்புக்காகத் தேர்ந்தெடுத்த குட்டையான கார்டும், ஒரு வருடம் உட்காரவைத்து வளர்த்த உயரமானவரும் சேர்ந்து செய்த வேலை அது.

இறுதியாட்டம் நமக்கு ஏப்ரல் 9 காலையில் ஒளிபரப்பானது. டெக்சாஸ் டெக் அணியின் நட்சத்திரம் ஜாரெட் கல்வரை ஹன்டர் காத்தார். கல்வர் 22 முயற்சிகளில் 5 மட்டுமே போட்டார். அதே ஹன்டர் 27 புள்ளிகள் எடுத்து, முடிய 12.9 நொடிகள் இருந்தபோது மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் 85-77. அதுவே வர்ஜீனியாவின் முதல் தேசியப் பட்டம்.

எல்லாத் தற்காப்பு முறைகளும் இப்படிப்பட்ட ஆட்களைத்தான் கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிரக்கியூஸில் ஜிம் போஹைம் ஆடவைத்த 2-3 ஜோனுக்கு, அதாவது முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நின்று ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் முறைக்கு, நீண்ட கைகள் முக்கியம். 2003 இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் ஹக்கீம் வாரிக் மூலைக்குப் பாய்ந்து கான்சஸின் ஷாட்டைத் தட்டிவிட்டது அந்தத் தேர்வின் பலன். பாப் ஹக்கின்ஸ் மேற்கு வர்ஜீனியாவில் முழுக்கள அழுத்தத்துக்கு மாறியபோது அவருக்குத் தேவைப்பட்டது நீளமான பெஞ்ச்: மாற்றி மாற்றி இறக்கப் பத்துப் பேர். பென்னட்டுக்கோ ஏழெட்டுப் பேர் போதும். ஆனால் அவர்கள் பழகியவர்களாக இருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கான காலம்தான் பின்னர் பறிபோனது. 2018 இறுதியில், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் ஒருமுறை கல்லூரி மாறுபவர் உடனே ஆடலாம் என்ற விதி வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. மாணவர்களுக்கு இவை நியாயமான உரிமைகள் என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. பயிற்சியாளர் விரும்பும்போது கல்லூரி மாறலாம், மாணவர் மட்டும் ஒரு வருடம் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு அநியாயமானது. ஆனாலும் பேக் லைன் நின்றிருந்த அடித்தளம் அந்த ஏற்பாடுதான். 2022-23இல் ரெட்ஷர்ட் எடுத்துக்கொண்ட ஐசக் ட்ராட் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கிரைட்டனுக்கு மாறினார். ஒரு வருடம் சொல்லிக்கொடுத்ததன் பலன் வேறோர் அணிக்குப் போயிற்று.

வெளியிலிருந்து ஆயத்தமான ஆட்களை எடுப்பதும் முழு விடையாகவில்லை. 2020-21இல் மார்க்கெட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த சாம் ஹவுசரும் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ட்ரே மர்ஃபியும் அழகாகப் பந்தெறிந்தார்கள். தாக்குதல் மலர்ந்தது; தற்காப்பில் பழைய இறுக்கம் இல்லை. 2023-24 அணி அதற்கு நேர் எதிர். ரீஸ் பீக்மனும் ரயன் டன்னும் நாட்டின் மிகச் சிறந்த தற்காப்பாளர்களுக்குள் எண்ணத்தக்கவர்கள். ஆனால் டன்னின் மூன்று புள்ளி வெற்றி விகிதம் 20 சதவீதம்தான். எதிரணிகள் அவரை வெளியே தனியே விட்டுவிட்டு உள்ளே கூட்டமாக நின்றன. பேக் லைன் மற்றவர்களுக்குச் செய்ததை மற்றவர்கள் வர்ஜீனியாவுக்குச் செய்தார்கள். கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்று அந்தப் பருவம் முடிந்தது. அதன்பின் டன் என்பிஏ தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். அவரைக் களத்தில் வைத்திருந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவரைச் சுற்றி நான்கு எறிவாளர்களைப் பல ஆண்டுகள் வளர்த்து நிறுத்தியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகள்தான் பென்னட்டிடம் இல்லை.

2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 55 வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். இன்றைய சூழலுக்குத் தான் பொருத்தமான பயிற்சியாளர் அல்ல என்பதை வெளிப்படையாகவே சொன்னார். 2025இல் அந்த இடத்துக்கு ரயன் ஓடம் வந்தார். 2018இல் யுஎம்பிசியை நடத்தியவர் அவரேதான். அவர் போர்ட்டலிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெரும்பாலும் புதியவர்களைக் கொண்டே தன் முதல் அணியைக் கட்டினார். இப்போது நாடு முழுவதும் பயிற்சியாளர்கள் வசந்த காலத்தில் கிடைக்கிற ஆட்களை முதலில் சேர்த்துக்கொண்டு, அந்த ஆட்களால் அக்டோபருக்குள் கற்றுக்கொள்ள முடிகிற தற்காப்பை அதற்குப் பிறகு தீர்மானிக்கிறார்கள்.