ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள்

இன்று மதியம் பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள், தட்டில் பீட்சாவின் ஓரங்கள் மட்டும் அப்படியே மிச்சம்.

என் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெளிறிக் கிடந்தது, ஒரு கரும்புள்ளிகூட இல்லை, ஓரத்தைப் பிய்த்தால் உள்ளே காற்றறையே இல்லாமல் ரப்பர் மாதிரி இழுக்கிறது.

ஒரு பீட்சா கடை எப்படி என்று நான் முதலில் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். சீஸையும் சாஸையும் தாராளமாகக் கொட்டினால் எந்த மாவையும் மறைத்துவிடலாம், ஓரத்தில் மறைக்க ஒன்றுமே கிடையாது.

மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான் மாவு. மீதி எல்லாம் நேரம். நிதானமாகப் புளிக்க விட்டால் தனி மணம் வரும், அவசரத்துக்கு ஈஸ்டை அள்ளிப் போட்டால் ஈஸ்ட் வாடைதான் வரும்.

அப்புறம் அடுப்பு. பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலிய நகரமான நேப்பிள்ஸ் முறையில் 430 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். எல்லாக் கடையிலும் அவ்வளவு சூடு வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் அடுப்பு காய்வதற்குள் மாவை உள்ளே தள்ளுவது சாப்பிட வருபவரை மதிக்காத வேலை.

புதுக் கடைக்குப் போனால் முதலில் மார்கரீட்டா கேளுங்கள். தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை, அவ்வளவுதான் அதில். இதையே சொதப்பும் கடையில் நான் வேறெதையும் ஆர்டர் செய்வதில்லை.