ஜெனிகாட்டா நாட்கள்

ஜூலை 3

அப்பாவிடமிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். ஒரு வாரமா, பத்து நாளா என்று கேட்டேன். அதையேதான் திரும்பவும் சொன்னார்கள்.

ஜூலை 4

அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பில் ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’யைப் போட்டேன். 1979இல் வந்த ஜப்பானியக் கார்ட்டூன், மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம். அதில் வரும் திருடன் லூபனை எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் போட்டேன். அப்பா லூபனைக் கண்டுகொள்ளவே இல்லை. பழுப்புக் கோட்டும் தொப்பியுமாக இன்ஸ்பெக்டர் ஜெனிகாட்டா தன் படையோடு வந்து இறங்கியதும் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இவர் எந்த ஸ்டேஷன்?”

இன்டர்போல் என்றேன்.

“இன்டர்போலுக்கு ஏது கைது செய்கிற அதிகாரம்? நோட்டீஸ் விடும், தகவல் அனுப்பும். பிடிப்பதெல்லாம் அந்தந்த ஊர்ப் போலீஸ்தான்.”

உண்மைதான். லூபன் தொடரே இந்த ஓட்டையின் மேல்தான் நிற்கிறது. பிறகு, ஜெனிகாட்டா கயிற்றில் கட்டி வீசும் கைவிலங்கு பற்றி அரை மணி நேரம். அப்பாவின் காலத்தில் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் விலங்கு போடக் கூடாதாம். முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவரிடம் யார் வாதாடுவது? பாதிப் படத்தில் தூங்கிவிட்டார்.

ஜூலை 5

மீதிப் படம். அப்பாவை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகு நாளாகிறது.

கோட்டையின் பாதாளத்தில் லூபனும் ஜெனிகாட்டாவும் சேர்ந்தே அகப்பட்டுக்கொள்கிறார்கள். வெளியேறும் வரை சண்டை இல்லை என்று கை குலுக்கிக்கொள்கிறார்கள். தப்பும் வழியில் கண்ணில் படுகிறது கள்ளநோட்டு அச்சகம். உலகத்து நோட்டெல்லாம் கட்டுக்கட்டாக. ஜெனிகாட்டா அதைக் கொண்டுபோய் மேலிடத்தில் வைக்கிறார். நாடுகளின் பிரதிநிதிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிவிட்டுக் கோப்பை மூடுகிறார்கள். இந்த இடத்தில் அப்பா ‘உச்’ கொட்டினார், பழக்கமான கோபம்.

கடைசியில், லூபனைத் துரத்துகிற சாக்கில், நேரலையில் ஓடும் டிவி கேமராவோடு அச்சகத்துக்குள் ஓடுகிறார் மனுஷன். அங்கே தற்செயலாகக் கண்டதுபோல, “ஐயோ, இது என்ன, கள்ளநோட்டு மாதிரி இருக்கிறதே!” என்கிற ரீதியில் ஒரு நடிப்பு. மகா மட்டமான நடிப்பு. கையில் கள்ளநோட்டை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து விழிக்கிறார். எந்த அரசாங்கமும் இனி இதை மறைக்க முடியாது.

அப்பா கைதட்டினார். “மகஜரே எழுதாமல் உலகம் பூராவையும் சாட்சியாக்கிவிட்டார் பார். இவரையா கோமாளி என்றாய்?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

ஜூலை 6

ஞாயிறு. லேப் கிடையாது. போன் செய்து பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 7

“கோட்டுக்காரருக்கு முன்னால் யாரும் துரத்தவில்லையா?” என்று கேட்டார் அப்பா. துரத்தினார். பிரான்சில் இன்ஸ்பெக்டர் கனிமார்.

பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் லெப்லான் 1905இல் எழுதிய முதல் கதையிலேயே ஆர்சென் லூபன் பிடிபட்டுவிடுகிறான். நியூயார்க் துறைமுகத்தில் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறார் வயதான கனிமார். இத்தனை பெரிய திருடனை அறிமுகப்படுத்தும் கதையே அவன் கைதாகும் கதை! ஜப்பான் லூபன் இந்த ஆர்செனின் பேரன் என்று வைத்துக்கொண்டுதான் 1967இல் மங்கி பஞ்ச் தன் படக்கதையை ஆரம்பித்தார்.

அடுத்து வருவதுதான் விஷயம். என் வழக்கு விசாரணையில் நான் இருக்க மாட்டேன் என்று சிறையிலிருந்தபடியே ஊரறியச் சொல்கிறான் லூபன். விசாரணை நாளில் கூண்டில் நிற்பது மெலிந்து, கண் மங்கிய யாரோ ஒரு நாடோடி. கனிமாரை அழைக்கிறார்கள். அருகில் போய் உற்றுப் பார்க்கிறார். இவன் லூபன் இல்லை என்கிறார். விட்டுவிடுகிறார்கள். அவன்தான் லூபன். உடம்பை இளைக்க வைத்து, கண்ணில் மருந்து விட்டு, முகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான். ஆனால் வேஷத்தைவிட அந்தப் பேச்சுதான் அவனைக் காப்பாற்றியது. தப்பப்போகிறான், தப்பப்போகிறான் என்று எல்லோரும் முன்கூட்டியே நம்பிவிட்டார்கள். எதிரே நிற்பவனைப் பார்க்கும் கண் அதற்குப் பிறகு யாருக்கு இருக்கும்?

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அடையாள அணிவகுப்பில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்,” என்றார்.

அன்று ஆஸ்பத்திரியில் நர்சின் முகத்தையும் டாக்டரின் முகத்தையும் நான் எப்படிப் படித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 8

வரவில்லை.

ஜூலை 9

சித்தப்பா வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், அறிவுரை. “இந்த வயதில் கார்ட்டூனா அண்ணே?” என்றார். அப்பா லேப்டாப்பை மூடிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியில் சர்க்கரை போடாமலே நீட்டினேன். அவர் சர்க்கரை நோயாளி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நன்றி வேறு சொன்னார்.

ஆத்திரம் ஜெனிகாட்டாவை எழுதியவர்கள் மேலும் பாய்கிறது. 1977 முதல் 1980 வரை டிவியில் ஓடிய இரண்டாம் லூபன் தொடர், 155 அத்தியாயம். அதில் மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள்! வழுக்கி விழுவது, முகமூடியிடம் ஏமாறுவது, “லூபன்!” என்று தொண்டை கிழியக் கத்துவது. டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி ஜோடி வேண்டும் என்று மங்கி பஞ்ச் நினைத்ததாகச் சொல்வார்கள். சரி. ஆனால் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. லூபன் எந்த நாட்டில், எந்தப் பேரில் இருந்தாலும் இந்த ஆள் வந்து நிற்கிறார். உளவுத்துறைகள் தேடிச் சலித்த இடத்துக்கு இவர் முதலில் வருகிறார். பிடிப்பதில் தோற்கலாம், கண்டுபிடிப்பதில் தோற்றதே இல்லை. அது திறமை இல்லையா? சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 10

அப்பா தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு 1978இல் வந்த லூபன் படம் பார்த்தேன். தூக்கிலிடப்பட்டு லூபன் செத்துவிட்டான் என்றுதான் அந்தப் படமே தொடங்குகிறது. மருத்துவச் சான்று, சடலம், எல்லாம் சரியாக இருக்கிறது. ஜெனிகாட்டா ஒருவர் மட்டும் நம்பவில்லை. டிராகுலாவின் ஊருக்குப் போய், சவப்பெட்டியைத் தேடித் திறந்து பார்க்கிறார்.

காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பாதவர். முத்திரை குத்தியிருந்தாலும் நம்பாதவர்.

இந்தப் படத்தை அப்பாவுக்குக் காட்டவில்லை. காட்டவும் போவதில்லை.

ஜூலை 11

நாளை கிடைக்கலாம் என்கிறார்கள். ‘லாம்’.

இன்று புதிய லூபன் தொடர் ஒன்றைப் போட்டதும், “குரல் மாறிவிட்டதே, ஆளை டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டார்களா?” என்றார் அப்பா. காது கூர்மை குறையவில்லை. 1971 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கோரோ நாயாதான் ஜெனிகாட்டா. 2011இல் கோய்ச்சி யாமாதேராவுக்குப் போயிற்று. நாயா 2013இல் இறந்தார். மங்கி பஞ்சும் 2019 ஏப்ரலில், 81 வயதில். இதை நான் சொல்லவில்லை, வேறு பேச்சுக்கு மாற்றினேன்.

“புதியவரும் தேவலாம். பழையவர் குரலில் இரவு ரோந்து தெரியும்.”

ஜூலை 12

வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம். திங்கள்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். “கூட யாராவது வருவார்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண். எல்லோரிடமும் இதைத்தான் கேட்பாளா? எல்லோரிடமும் கேட்பாள். கேட்பாள்தானே. அந்தக் குரலை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அதில் ஒன்றும் இல்லை.

கனிமார், உற்றுப் பார்க்காதே.

ஜூலை 13

நாளை ஒன்பதரைக்கு. பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் நகல். அப்பா ஸ்டேஷனுக்குப் போவதுபோல் சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்கிறார். பெல்ட்டைக் காணவில்லையாம். எழுத்து மூலம் புகார் கொடுங்கள் என்றேன், முறைத்தார். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும், தேடி எடுக்க வேண்டும். ஆட்டோவுக்கும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.