மின்மோட்டார் பழுதும் மன்றத்தின் அனுமதியும்

கிருஷ்ணகிரி நகராட்சியில் 33 வார்டுகள் உள்ளன. நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் கைக்குக் கிடைத்தால் கடைசி வரி வரை படித்துவிடுவேன். மின்மோட்டார் பழுது, தெருவிளக்குச் சாதனங்கள், பிளீச்சிங் பவுடர் கொள்முதல், கடை ஏலம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

என் கண் முதலில் தேடுவது குடிநீர்ச் செலவையே. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பற்களில் கறையும் எலும்புகளில் பாதிப்பும் கண்ட மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். அதனால்தான் ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் உள்ளூரில் ஒரு வால்வு பழுதாகி, மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றை நாட நேர்ந்தால், அத்தனை பெரிய திட்டத்தின் பயனும் அந்தத் தெருவுக்கு இல்லாமல் போகும். ஆகவே, சில ஆயிரம் ரூபாய்க்கு மன்றத்தின் அனுமதி கோரும் பொருளை நான் சிறியதாக நினைப்பதில்லை.

அவசர வேலையை முடித்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறும் வழக்கமும் உண்டு. குடிநீரைப் பொறுத்தவரை அது சரியே என்பது என் கருத்து. வழக்கமான கொள்முதலில் மட்டும், ஒப்பந்தப்புள்ளியில் வந்த விலைகளை மதிப்பீட்டுடன் ஒப்பிட்டு, ஒவ்வொரு உறுப்பினரும் வாய் திறந்து கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.