சம்மட்டி பிடித்தவன்

எங்கள் துறையில் கிரேக்க நாடகம் யாருக்கும் வேண்டாத பாடம். டைம் டேபிள் போடும்போது மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவன் தலையில் அது வந்து விழும். அப்படித்தான் எனக்கு ஈஸ்கிலஸ் கிடைத்தார். ‘கட்டுண்ட புரொமிதியஸ்’ நாடகத்தை இருபது வருடத்துக்கும் மேல் எம்.ஏ. வகுப்புக்கு நடத்திவிட்டேன். அதை எழுதியது ஈஸ்கிலஸ்தானா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. கேள்வித்தாளில் அவர் பெயர் இருக்கிறவரை எங்களுக்கு அவர்தான்.

முதல் சில வருடங்கள் எல்லோரையும்போலத்தான் நடத்தினேன். புரொமிதியஸ் புரட்சிக்காரன், தேவர்களின் அரசன் ஜீயஸ் கொடுங்கோலன், தீ என்பது அறிவு. மாணவர்களும் கைடில் இருப்பதை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். கதை சொல்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கி.மு. 700 வாக்கில் ஹீசியட் என்ற கிரேக்கக் கவிஞர் சொன்னது அது. மெக்கோனே என்ற இடத்தில் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் ஒரு மாட்டைப் பங்கு போடுகிறார்கள். நல்ல கறியை எல்லாம் வயிற்றுப்பையில் சுற்றி அருவருப்பாக ஒரு பக்கம் வைக்கிறான் புரொமிதியஸ். மறுபக்கம் வெறும் எலும்பு, மேலே பளபளவென்று கொழுப்பு. ஜீயஸ் கொழுப்பைத் தொடுகிறார். அந்த ஆத்திரத்தில் மனிதர்களுக்குத் தீயை இல்லாமல் செய்கிறார். புரொமிதியஸ் அதைத் திருடிக்கொண்டு வருகிறான், ஒரு செடியின் தண்டுக்குள் வைத்து. பெருஞ்சீரகத்துக்கு உறவுக்காரச் செடி அது. உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற சோறு மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இந்த இடத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஒளித்துக் கடத்தும் கலையில் அவர்களுக்கும் அனுபவம் உண்டு.

நாடகத்தின் முதல் காட்சியைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததே கிடையாது. உலகத்தின் ஓரத்தில் ஒரு பாறை. புரொமிதியஸை அங்கே இழுத்து வருகிறார்கள் இரண்டு பேர்: கிராட்டோஸ், பியா. அதிகாரம், வன்முறை என்று பொருள். கூடவே தேவர்களின் கொல்லன் ஹெஃபெஸ்டஸ். பாறையில் அறைகிற வேலை அவனுடையது. பத்து நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டு, புரொமிதியஸ் வாய் திறக்கும் இடத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு வருடம் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கை உயர்ந்தது. அதிகம் பேசாத பையன். அவன் அப்பாவுக்குப் பட்டறை என்று பிறகுதான் தெரிந்தது.

“சார், நெஞ்சுல ஆப்பு அடிக்கறாரே, அதை யாரு பிடிச்சுக்கறா?”

புரியாமல் பார்த்தேன். அவன் எழுந்து நின்று கையால் காட்டினான். குறடு பிடிக்க ஓர் ஆள், சம்மட்டி போட ஓர் ஆள். ஒருவனே எல்லாவற்றையும் செய்ய முடியாது. கிராட்டோஸ் வேலை ஏவிக்கொண்டு நிற்கிறான், கை வைக்கமாட்டான். “அப்போ பேசாம நிக்குதே இன்னொண்ணு, அதுதான் பிடிச்சிருக்கணும்.”

பியாவுக்கு நாடகத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஏன் அந்தப் பாத்திரம் என்று கேட்டால், பயமுறுத்த என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேக்கத்தில் பியா பெண் என்று அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. “எங்க வீட்லயும் அம்மாதான் சார் சம்மட்டி போடுவாங்க.”

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை முதல் தடவையாகப் படிப்பதுபோலப் படித்தேன். முதலில் கைகள், அப்புறம் மார்பு, விலாவைச் சுற்றிப் பட்டை, கால்கள், கடைசியில் பாதங்கள். வரிசை மாறாமல் ஒரு வேலை நடக்கிறது. திருடுபோனது ஹெஃபெஸ்டஸின் சொத்தான தீ; கோபப்பட வேண்டியவன் அவன்தான். அவனோ, உறவுக்காரனாயிற்றே, கூடப் பழகியவனாயிற்றே என்று தயங்குகிறான். தன் கைத்தொழிலையே வெறுக்கிறேன் என்கிறான். அதற்குக் கிராட்டோஸ் சொல்லும் பதிலை ஏதோ ஒரு அலுவலகத்தில் கேட்டதுபோல இருந்தது: இதற்கு உன் தொழில் என்ன செய்யும், ஜீயஸைத் தவிர யார்தான் சுதந்திரமாக இருக்கிறார்கள். அப்புறம், ஓங்கி அடி, தளர்வாக விடாதே, வேலையைச் சரிபார்ப்பவர் கண்டிப்பானவர்.

இதற்கு இரண்டு வருடம் கழித்து வருகைப்பதிவேட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. 75 சதவீதத்துக்குக் குறைந்தால் பணம் கட்டித் தேர்வு எழுதலாம். ரொம்பவும் குறைந்தால் எழுத முடியாது. நடைமுறையில் கல்லூரி வேலையாகப் போனதாக ஓ.டி. போட்டோ மருத்துவச் சான்றிதழ் வாங்கியோ எப்படியாவது கரையேற்றிவிடுவோம். அந்த வருடம் ஒரு மாணவன், நூலகத்தை மாலையில் சீக்கிரம் பூட்டுகிறார்கள் என்று எழுதி நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தான். வேறொன்றும் செய்யவில்லை. கோஷம்கூடப் போடவில்லை. இரவில் பார்சல் ஆபீசில் லோடு இறக்கும் வேலைக்குப் போனதால் காலை வகுப்புகளுக்கு அவன் வந்தது குறைவு.

அவனுக்கு மட்டும் எதையும் சரிசெய்ய வேண்டாம் என்று மேலேயிருந்து வந்தது. எழுத்தில் வரவில்லை, வாயால் வந்தது. துறைத்தலைவர் வருத்தமாகத்தான் சொன்னார். “உங்க கையில என்ன சார் இருக்கு? இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுங்க. ஒவ்வொரு என்ட்ரியும் பார்ப்பாங்க, அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.”

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பட்டியலை ஒட்டிய அன்று அவன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். திட்டுவான் அல்லது கெஞ்சுவான் என்று நினைத்தேன். இரண்டுக்கும் ஏதோ பதில்கூடத் தயார்செய்து வைத்திருந்தேன். அவன் பட்டியலில் தன் இனிஷியல் தப்பாக இருப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நாடகத்தில் ஆணி அறைந்து முடிகிறவரை புரொமிதியஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லோரும் போன பிறகுதான் வானத்தையும் காற்றையும் ஆறுகளையும் கடலையும் கூப்பிட்டுப் பேசத் தொடங்குகிறான். அது நாடக உத்தி என்று நோட்ஸ் கொடுத்திருக்கிறேன், 5 மதிப்பெண்.

அடுத்த பருவத்தில் ‘பிராங்கன்ஸ்டைன்’. ‘நவீன புரொமிதியஸ்’ என்பது அதன் துணைத்தலைப்பு. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில், மழை விடாத ஒரு கோடையில், மேரி ஷெல்லி என்ற பதினெட்டு வயதுப் பெண் தொடங்கி 1818இல் பெயர் போடாமல் வெளியிட்ட நாவல். பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, செய்தவனின் பெயர் என்று வருடாவருடம் சொல்வேன். வருடாவருடம் பாதிப் பேர் மாற்றித்தான் எழுதுவார்கள். மேரி ஷெல்லியின் தலைப்பில் இரண்டு புரொமிதியஸ்கள் சேர்ந்திருக்கிறார்கள். தீயைத் திருடியவன் ஒருவன். களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தவன் இன்னொருவன். இரண்டாமவன் ஹீசியட்டில் கிடையாது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் சுற்றிய பௌசானியஸ், மனிதனைச் செய்தது போக மிஞ்சிய மண் என்று சொல்லப்பட்ட பாறைகளைப் பனோபியஸ் என்ற கிரேக்க ஊரில் பார்த்து, அவற்றில் மனிதத் தோலின் வாசனை அடித்ததாக எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பொய் அது, பொய்யாக இருந்தால்.

ஹீசியட்டில் மண்ணைக் குழைப்பது யார் என்று தேடினால் மறுபடியும் ஹெஃபெஸ்டஸ்தான் வருகிறான். மனிதர்களைத் தண்டிக்க ஜீயஸ் கட்டளையிட, மண்ணும் தண்ணீரும் சேர்த்து பண்டோராவை உருவாக்குகிறான். எதிர்த்தது ஒருவன், செய்தது இன்னொருவன். கவிஞர்கள் கதேயும் பைரனும் கொண்டாடியது எதிர்த்தவனைத்தான். கதே மனிதரைச் செய்கிற வேலையையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். மேரி ஷெல்லி ஒருத்திதான், செய்தவன் செய்த பொருளைப் பார்த்து முதல் இரவே ஓடிப்போவதை எழுதினாள். அந்த வகுப்பை நடத்தும்போது முகத்தை நேராக வைத்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

1918இல் எழுத்தாளர் காஃப்கா புரொமிதியஸைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதி வைத்தார். ஒரு கதைப்படி காலப்போக்கில் எல்லாம் மறந்துபோகிறது. தேவர்களுக்கு மறந்துவிட்டது, அவன் ஈரலைக் கொத்தித் தின்ன வந்த கழுகுகளுக்கு மறந்துவிட்டது, அவனுக்கே மறந்துவிட்டது. அந்த வருடத்துப் பதிவேட்டை ஒருமுறை ரெக்கார்டு அறையில் தேடினேன். பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்களாம். அந்த மாணவன் ஒரு வருடம் கழித்துத் தேர்வு எழுதித் தேறினான். நூலகம் இன்னும் அதே நேரத்துக்குத்தான் மூடுகிறது.

பட்டறைப் பையன் அன்று வகுப்பில் இன்னொன்றும் சொன்னான். பாதத்தையும் அறைந்து முடித்ததும் ஹெஃபெஸ்டஸ், கட்டியாயிற்று, போகலாம் என்கிறான். கிராட்டோஸ் மட்டும் நின்று புரொமிதியஸைக் கேலி செய்துவிட்டுப் போகிறான். ஏன் கொல்லன் அவசரப்படுகிறான் என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். குற்ற உணர்வு என்று முன்பெஞ்சில் ஒரு பெண் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

“வேலை முடிஞ்சா கிளம்பிடணும் சார். நின்னா இன்னொரு ஆணி அடிக்கச் சொல்லுவாங்க.”