விசிறியின் மேல் போட்ட பழி

சித்திரை பிறந்ததிலிருந்தே என் மடிக்கணினி மாவு மில்லைப் போல இரைந்துகொண்டிருந்தது. மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு பிடிஎஃப், ஒரு சொற்செயலி, இடையிடையே அகராதி. இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று விசிறியின் மேல்தான் எரிச்சல் வந்தது.

என் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்று கட்டளை கொடுத்தால் சூட்டைக் காட்டும். சும்மா இருக்கும்போதே 78 டிகிரி. ஸ்கேன் செய்த 400 பக்கப் புத்தகம் ஒன்றைத் திறந்ததும் 97. என் இன்டெல் சிப்புக்கு வரம்பு 100. அதை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கம் புரட்டும்போதெல்லாம் திரை தயங்கி நின்றது அதனால்தான்.

நானோ சத்தத்தை அடக்குவதிலேயே குறியாக இருந்தேன். காய்ச்சலில் கிடப்பவனை முனகாதே என்று அதட்டுகிற புத்தி! விசிறி வேகத்தை மாற்ற ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ என்ற கட்டளையை ஓட்டினால், கட்டுப்படுத்தக்கூடிய விசிறியே இல்லை என்று கையை விரித்துவிட்டது. பல மடிக்கணினிகளில் விசிறியை மதர்போர்டில் உள்ள தனிச் சில்லு ஒன்றுதான் ஆள்கிறது. இயங்குதளத்திடம் எளிதில் பிடி கொடுக்காது. அடுத்து, வேலை கூடும்போது சிப்பை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் ‘டர்போ’ வசதியை அணைத்தேன். (விண்டோஸில் மின் அமைப்புகளுக்குப் போய்ச் சிப்பின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலும் அதே பலன்தான்.) சூடு 85க்கு இறங்கியது. இரைச்சல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்தேன். 10 திருகுகள், அவற்றில் ஒன்று ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். மேலோட்டமாகப் பார்த்தால் விசிறி சுத்தமாகத்தான் இருந்தது. அதைத் தூக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிப்பின் சூட்டைக் கடத்திவரும் செம்புக் குழாயின் முனையில் சீப்புப் பல் போல நெருக்கமாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் வாயை அடைத்தபடி கம்பளித் துண்டு போல ஒன்று. இடுக்கியால் இழுத்தேன், முழுதாக வந்தது. சாம்பல் நிறம், ஊடே பளபளவென்று வெள்ளை இழைகள். விரலில் உருட்டிப் பார்த்தேன்: இலவம்பஞ்சு.

மடியில் தலையணையை வைத்து அதன் மேல் கணினியை வைத்துத்தான் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதில் ஒரு மூலைத் தையல் பிரிந்திருந்தது. காற்று இழுக்கும் துளைகள் கணினியின் அடிப்பக்கத்தில். பாவம், விசிறி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

மிச்சத் தூசியை ஊதி எடுத்தேன். ஊதும்போது இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். சிப்பின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்து கிடந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பளவு புதுப் பசை வைத்தேன்.

இப்போது சும்மா இருக்கையில் 52. டர்போவையும் திரும்பப் போட்டுவிட்டேன். தலையணையை அம்மா தைத்து வைத்துக்கொண்டார். கணினி அவருடைய மணைப்பலகை மேல் இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் மட்டும் திருப்பிக் கேட்கிறார்.