கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

அக்கா மகனுக்குப் பத்து வயது. பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை, அழுக்கு என்று நினைத்து அக்கா தினமும் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறாள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 190, அந்த வயதில் 130 தொட்டாலே அதிகம்.

தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள் என்றார்கள். சரி, எங்கே? ஒற்றை அறை வீடு, வாசலைத் தாண்டினால் லாரி போகிற ரோடு, அம்மா அப்பா இரண்டு பேரும் வேலை முடிந்து இருட்டின பிறகுதான் வருகிறார்கள், அதுவரை பூட்டிய கதவுக்குள் டிவியும் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட்டும்தான் துணை (பழத்தைவிட அதுதான் மலிவு, பசியும் அடங்கிவிடும்). இதில் ‘வாயைக் கட்டத் தெரியாதா’ என்று பையனிடமே கேட்கிறார்கள். அப்புறம் அவன் இரண்டு நாள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே திரிந்தான்.