25 நட்சத்திரங்களும் 200 உட்கோணங்களும்: ஸெல்லிஜ் பதித்துப் பார்த்த அனுபவம்

மொராக்கோவின் ஃபெஸ் நகரில், கராவிய்யீன் பள்ளிவாசலுக்கு அருகே, மரீனிய வம்சத்து சுல்தான் அபூ ஸயீத் உத்மான் 1323 முதல் 1325 வரை கட்டுவித்த அத்தாரீன் மதரஸாவின் முற்றத்துச் சுவர்களைப் படங்களில் பார்த்துப் பார்த்தே, அதுபோல் ஓட்டுத்துண்டுகளைப் பதித்துப் பார்க்கும் ஆசை எனக்குப் பிறந்தது. வாசனைப் பொருள் வணிகர்களின் கடைத்தெருவை ஒட்டியிருப்பதால் அதற்கு அந்தப் பெயர். நாம் பூசிக்கொள்ளும் அத்தரும் அதே அரபுச் சொல்லின் வழிவந்ததுதான். சுவரின் அடிப்பகுதியில் ஸெல்லிஜ் எனப்படும் ஓட்டுத்துண்டுப் பதிப்பு, அதன்மேல் செதுக்கிய சாந்து வேலை, அதற்கும் மேலே தேவதாரு மரச் செதுக்கல். தோளும் கையும் உரசும் உயரத்தில் துடைத்தால் பளிச்சிடும் ஓட்டையும், கை எட்டாத உயரத்தில் எளிதில் சிதையும் சாந்தையும் வைத்த அந்த வரிசையின் அறிவு என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

ஸெல்லிஜில் ஓட்டின்மேல் கோலம் வரைவதில்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஓடாகச் சுட்டெடுத்து, பிறகு சுத்தியால் கொத்தித் துண்டுகளாக்கிச் சேர்க்கிறார்கள். எனவே ஓட்டின் பளபளப்பான நிறப்பூச்சான மெருகு ஒவ்வொன்றையும் அதற்கேற்ற சூட்டில் சுட முடிகிறது. நிறங்களும் ஒன்றோடொன்று கலங்குவதில்லை.

அத்தாரீன் சுவரிலுள்ள சிக்கலான கோலங்கள் தொடக்கக்காரருக்கு எட்டாதவை என்பதால், எண்முனை நட்சத்திரமும் சிலுவை வடிவமும் மாறிமாறி வரும் எளிய கோலத்தை எடுத்துக்கொண்டேன். 4 செ.மீ. பக்கமுள்ள இரு சதுரங்களை 45 பாகை திருப்பி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நட்சத்திரம் கிடைக்கும். முனைக்கு முனை சுமார் 5.66 செ.மீ. வரிசைக்கு ஐந்தாக 25 நட்சத்திரங்களை முனைகள் தொடும்படி அடுக்கினால், 28 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட சதுரப் பலகையும், இடையில் 16 முழுச் சிலுவைகளும் அமையும். காகிதத்தில் கவராயம் கொண்டு வரைய ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

வெட்டுவதற்குத்தான் ஐந்து வார இறுதிகள் பிடித்தன. விட்ரிஃபைடு ஓடு குறடுக்கு மசியாமல் தாறுமாறாக உடைந்ததால், குளியலறைச் சுவருக்கான சாதாரண செராமிக் ஓட்டுக்கு மாறினேன். சிலுவையில் உள்நோக்கிக் குழியும் கோணங்கள் நான்கே; நட்சத்திரத்திலோ எட்டு. ஆக, நட்சத்திரங்களுக்கு மட்டும் 200 உட்கோணங்கள்! குறடால் நுள்ளி, ஈரமான சாணைக்கல்லில் தேய்த்து, அட்டை வார்ப்புடன் ஒப்பிட்டு, மீண்டும் தேய்த்து என ஒரு நட்சத்திரத்துக்கு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது.

ஃபெஸ் கைவினைஞர்களைப் போலவே துண்டுகளை முகம் கீழாக அடுக்கி, பின்புறத்தில் சாந்து ஊற்றினேன். அப்படி அடுக்கும்போது மெருகு கண்ணில் படாது, வெறும் மண்நிறம்தான் தெரியும் என்பதால், முதுகில் ‘ப’, ‘நீ’ என்று நிறத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். எல்லாத் துண்டுகளும் நெருக்கமாகப் பொருந்தியிருப்பதாகவே தோன்றியது. மூன்று நாள் கழித்துப் பலகையைப் புரட்டியபோது, நட்சத்திரங்களுக்கிடையே ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்துக்குச் சாம்பல் நிறக் கோடுகள் ஓடுவதைக் கண்டு நெஞ்சு கனத்துவிட்டது.

ஒரு துண்டைப் பெயர்த்துப் பக்கவாட்டில் பார்த்தபோது காரணம் புரிந்தது. குறடு மெருகுப் பக்கத்தைக் கோட்டோடு வெட்டியிருந்தாலும், அடியிலிருந்த மண் சற்று வெளியே பிதுங்கி நின்றது. முதுகுகள் முட்டிக்கொண்டதால் முகங்கள் நெருங்க முடியவில்லை. ஸெல்லிஜ் வெட்டுபவர்கள் துண்டின் ஓரத்தை முதுகுப் பக்கமாக உள்வாங்கிச் சரித்துக் கொத்துவதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகத்தில் மெருகுக்கோடுகள் மட்டும் ஒன்றையொன்று தொடும். அடியில் ஆப்பு வடிவில் விழும் இடைவெளியில் சாந்து புகுந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவில்தான் முற்றத்துச் சுவரின் நேர்த்தி முழுவதும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது பலகைக்கு ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் சாய்த்துத் தேய்த்தேன். சென்ற ஞாயிறன்று புரட்டிப் பார்த்தேன். நடுவிலுள்ள ஒன்பது நட்சத்திரங்களின் இணைப்புகளில் நகம்கூட நுழையவில்லை. ஓரத்து அரைச்சிலுவைகளில் மட்டும் இரண்டு விலகியிருக்கின்றன. அவற்றைப் பெயர்த்து மாற்றிய பின், 22.5 பாகைப் பிரிவுகளில் பதினாறு முனை நட்சத்திரம் ஒன்றைக் காகிதத்தில் தொடங்குவேன்.